பச்சைத் தண்ணீர்

ஐந்து மணிக்குக் கொதிகலனில் நெருப்பு ஏறும். ஐந்தரைக்குள் சலவைக்கூடம் முழுக்க ஆவி பரவி, எதிரில் நிற்பவளின் முகம் தெரியாமல் போகும். மடிப்புக்காரிக்கு இப்போதெல்லாம் அந்த அரைமணி நேரம்தான் நிம்மதி. ஆவி தெளிந்துவிட்டால், இருபத்தெட்டுப் பெண்கள் தன்னைப் பார்க்காத மாதிரி நடிப்பதை அவள் பார்க்க வேண்டி வரும்.

ராணுவ ஆஸ்பத்திரி லாரி பின்வாசலில் மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. ஈரம் ஊறிய முடிச்சில் நகம் நுழையாது. கட்டைவிரலைக் குத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால்தான் அவிழும். அவிழ்த்ததும் வாடை வந்து நெஞ்சில் உட்காரும். மருந்து, மூத்திரம், சீழ், எல்லாவற்றுக்கும் அடியில் துருப்பிடித்த இரும்பு மாதிரி ரத்தம். விரிப்பை உதறினால் பஞ்சு விழும், ஊசி விழும், சட்டைப் பொத்தான் விழும். ஒரு தடவை பாதி எழுதிய கடிதம் விழுந்தது. ரத்தம் பட்டதை நீல வண்டியில் போட வேண்டும், மற்றதைச் சாம்பல் வண்டியில். அன்றைக்குச் சூரியன் எட்டிப் பார்க்கும்போது அவள் ஐந்தாவது மூட்டையில் இருந்தாள். சலவைச் சோடா பட்டு வெடித்த விரல்கள் எரிந்தன.

இந்த இடத்துக்குப் பெயர் அழுக்கறை. மூன்று வாரத்துக்கு முன்புவரை அவள் இதற்குள் கால் வைத்ததில்லை. இருபத்திரண்டு வருடம் அவள் நின்றது மடிப்பு மேசையில். மேசையைப் பிடுங்கிக்கொண்டார்கள், மடிப்புக்காரி என்ற பெயரை மட்டும் பிடுங்க மறந்துவிட்டார்கள்.

மடிப்பு வேலையை ஒண்டியாகச் செய்ய முடியாது. தேய்ப்பு உருளையிலிருந்து விரிப்பு சுடச்சுட வெளியே வரும். இந்தப் பக்கம் ஒருத்தி இரண்டு நுனியைப் பிடிப்பாள், அந்தப் பக்கம் இன்னொருத்தி இரண்டு நுனியைப் பிடிப்பாள். படாரென்று ஓர் உதறு, எதிரெதிரே மூன்றடி நடை, கைக்குக் கை மாற்று, மறுபடி உதறு. ஒருத்தி மட்டும் மடித்தால் துணி தரையில் படும், தரையில் பட்டதை மீண்டும் துவைக்க வேண்டும். ஆகவே அங்கே கூலியே ஜோடிக்குத்தான். ‘நுனி குடு’ என்றால் வேலையைத் தொடங்கலாம் வா என்று அர்த்தம். ‘அவ என் நுனி’ என்றால் கூடப்பிறந்தவளுக்கும் ஒரு படி மேல். சண்டை முற்றினால் ‘உனக்கு எவடி நுனி பிடிப்பா’ என்பார்கள். அதைவிடப் பெரிய வசவு அந்தக் கூடத்தில் கிடையாது.

மடிப்புக்காரிக்குப் பதினோரு வருடம் நுனி பிடித்தவள் நெட்டை. ஆறடிக்கு இரண்டு விரற்கடை குறைவு. மடிப்புக்காரியோ குள்ளம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால், “ஏணியும் முக்காலியும் வந்தாச்சு, வேலையை ஆரம்பிக்கலாம்” என்று மேஸ்திரி கிண்டலடிப்பார். அப்படி ஒட்டிக்கொண்டு கிடந்த ஜோடி, ஒரு வானொலிக்காரனால் பிரிந்தது.

எல்லையில் சண்டை தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஊரே வெறி பிடித்துக் கிடந்தது. கடைக்குக் கடை கொடி, முச்சந்திக்கு முச்சந்தி ஒலிபெருக்கி. நம் பக்கம் சேதமே இல்லை என்று செய்தி சொன்னது. அப்போதுதான் வானொலிக்காரன் ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு சலவைக்கூடத்துக்கு வந்தான். வீரர்களுக்குத் தாய்மார்கள் நான்கு வார்த்தை சொல்ல வேண்டும், நேரடி ஒலிபரப்பு. முதலாளி பக்கத்தில் கைகட்டி நின்றார். ஜெயித்துவிட்டு வாங்கப்பா என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள். நெட்டையின் மகனே முன்னணியில் இருந்தான். அவள் குரல் உடைந்து, “சாமி, பத்திரமா ஜெயிச்சிட்டு வாடா” என்றாள். ஒலிவாங்கி மடிப்புக்காரியிடம் வந்தது.

அவளுக்கு அரசியல் படிப்பெல்லாம் கிடையாது. எண்ணத் தெரியும். தினமும் எத்தனை விரிப்பு வந்தது என்று கூடத்துக் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதுவது அவள் வேலை.

“சேதம் இல்லங்கறாங்க. சண்டைக்கு முன்னாடி ஆஸ்பத்திரியிலிருந்து நாளைக்கு நாப்பது விரிப்பு வந்துச்சு. இப்ப இருநூறு வருது. நான் எண்ணி மடிக்கிறவ, எனக்குத் தெரியும். இந்தச் சண்டை வேண்டாம். பசங்களைத் திருப்பிக் கூட்டிக்கிட்டு வாங்க.”

இவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகாது. வானொலிக்காரன் ஒலிவாங்கியைப் பாம்பு மாதிரி உதறிக்கொண்டு ஓடினான்.

மறுநாள் மேஸ்திரி எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். “முதலாளி யாரையும் கட்டாயப்படுத்தல. தேசத் துரோகிகூட நுனி பிடிக்க இஷ்டம் இருக்கறவங்க தாராளமா பிடிக்கலாம்.” அப்போது நெட்டையும் அவளும் விரிப்பைப் பாதி மடிப்பில் பிடித்திருந்தார்கள். நெட்டை அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கையை விட்டாள். விரிப்பு தரையில் விழுந்தது.

அதற்கப்புறம் ஒருத்தியும் வரவில்லை. ஜோடி இல்லாதவளுக்குக் கூலி இல்லை. நான்கு நாள் மேசை ஓரம் சும்மா நின்றவளைப் பாவம் பார்க்கிற மாதிரி அழுக்கறைக்கு அனுப்பினார் முதலாளி. அங்கே பாதிக் கூலி.

வீட்டு நிலைமையும் அதுதான். அவள் வீட்டுக்காரர் சலூன் வைத்திருந்தார், இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி. மூன்று வாரமாக நாற்காலியில் அவரே உட்கார்ந்து கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஊருல ஒருத்தனும் தலை காட்ட மாட்டேங்கறான். தலை காட்டலன்னா நான் எதை வெட்டறது?” என்று சிரித்தார். சிரித்துவிட்டுக் கத்தரியைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். மளிகைக்கடையில் அவள் முறை வரும்போது மட்டும் சாமான் தீர்ந்துவிடும். அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம், மாமன் மாமி வீட்டுக்கு மட்டும் பத்திரிகை வரவில்லை. எதிர்வீட்டுக்காரி இவளைக் கண்டால் ஜன்னலைச் சாத்துவாள். புழுக்கத்தில் வெந்து செத்தாலும் சாத்துவாள், அப்படி ஒரு தேசபக்தி.

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தது வன்மம். தினமும் அதைத் தின்றாள், அதைக் குடித்தாள். முடிச்சை அவிழ்க்கும்போது முதலாளி கழுத்தை நினைத்துக்கொள்வாள், விரலுக்குப் பலம் வரும். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அவள் வன்மத்தில் முதலாளிக்குக் கிடைத்தது கால் பங்குதான். முக்கால் பங்கும் நெட்டைக்குப் போனது. முதலாளி எப்போதும் முதலாளிதான். நெட்டை அவளுடைய நுனி. அவள் ஒருநாள் என் கையில் சிக்க வேண்டும் என்று நினைத்து நினைத்துப் பல் கூசியது.

சிக்கினாள்.

எல்லைக் கோட்டை ஒன்று பிடிபட்டதாகச் செய்தி வந்திருந்தது. மறுநாள் காலை வெற்றி ஊர்வலம், அதை அடுத்து நகர மண்டபத்தில் விருந்து. விருந்துக்கு முந்நூறு மேசை விரிப்பு வெளுத்துத் தர முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார். ஆஸ்பத்திரி மூட்டையும் வழக்கம்போல வந்து குவிந்தது. போதாக்குறைக்கு, துவைப்புத் தொட்டிகளை நடத்துகிற தொட்டிக்காரம்மா காய்ச்சலில் படுத்துவிட்டாள். மேஸ்திரி மடிப்பு மேசையிலிருந்து நெட்டையை இழுத்து இரண்டாம் தொட்டியில் நிறுத்தினார்.

முதலாளி மாடிப்படியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினார். “முன் அலசல் எல்லாம் இன்னிக்கு வேண்டாம். எல்லாத் தொட்டிக்கும் நேரா சுடுதண்ணி விடுங்க. முக்கால் மணி நேரம் மிச்சம்.”

மேசை விரிப்புக்கு அது சரி. ரத்தத்துக்கு அது ஆகாது. ரத்தம் பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். சூடு பட்டதோ, கறை நூலுக்குள் போய்க் குடியேறிவிடும், அப்புறம் எந்த மருந்துக்கும் எழும்பாது. தொட்டிக்காரம்மாவுக்கு இது தூக்கத்திலும் தெரியும். அழுக்கறைக்கு வந்த முதல் வாரத்திலேயே மடிப்புக்காரிக்கும் தெரிந்துவிட்டது. நெட்டைக்குத் தெரியாது. பதினோரு வருடம் அவள் கைக்கு வந்ததெல்லாம் வெளுத்த துணி. மடிப்பு மேசைக்காரிகள் கறையைக் கண்ணால் பார்த்ததே கிடையாது.

நீல வண்டியை நெட்டை தொட்டிக்குள் கவிழ்த்தாள். கை சிவப்புத் திருகுக்குப் போனது.

அழுக்கறை வாசலில் இருந்து மடிப்புக்காரி பார்த்தாள். நடுவில் பத்தடி. ‘ஏய், பச்சத்தண்ணி!’ என்று ஒரு சத்தம் போட்டால் போதும். சத்தம் தொண்டைவரை வந்தது. அதே கைதான் பாதி மடிப்பில் விரிப்பை விட்டது என்ற நினைப்பும் கூடவே வந்தது. மூன்று வாரமாக என்னோடு யாரும் பேசவில்லையே, நான் மட்டும் ஏன் பேச வேண்டும்? அவள் வாயை மூடிக்கொண்டாள். வெந்நீர் புசுபுசுவென்று இறங்குவதை நின்று கேட்டாள். இனித்தது.

இரண்டு மணி நேரத்தில் ஆறு சுற்று முடிந்தது. உருளைக்கு வந்த முதல் விரிப்பைப் பார்த்து ஒருத்தி வீலென்று கத்தினாள். நடுவில் ஓர் ஆள் படுத்த அளவுக்குப் பழுப்பு. அடுத்ததில் தலைப்பக்கம் மட்டும். அடுத்ததில் இரண்டு கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. மொத்தம் இருநூற்று அறுபது.

முதலாளி இறங்கி வந்தார். விரிப்புகளைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார். பிறகு நேராக அழுக்கறையைப் பார்த்தார்.

“இது தவறி நடந்ததில்ல. சதி. எவ செஞ்சிருப்பான்னு சொல்லவே வேண்டியதில்ல.”

இருபத்தெட்டுப் பெண்களும் தரையைப் பார்த்தார்கள். நெட்டையும்தான். மடிப்புக்காரியை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள்.

அந்த அறையில் மின்விசிறி ஓடியது, ஆவி வராமல் கதவுக்கு ரப்பர் ஒட்டியிருந்தது. முதலாளி அவளை உட்காரச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. அவள் உட்காரவில்லை.

“இங்க பாரும்மா. ஆஸ்பத்திரிக்கு நான் பதில் சொல்லணும். ஒரு பேரு வேணும். உன் பேரைச் சொன்னா ஊரே நம்பும். போலீஸ் வரும், நாசவேலைன்னு எழுதுவான். எத்தனை வருஷம்னு எனக்குத் தெரியாது.”

“தண்ணி திறந்தது நான் இல்ல.”

“தெரியும். நெட்டைன்னு மேஸ்திரி சொன்னான்.” அவர் ஒரு தாளை முன்னால் தள்ளினார். “அதான் உனக்கு ஒரு வழி விடறேன். வானொலில பேசினது தப்பு, எதிரிக்காரன் பேச்சைக் கேட்டுப் பேசிட்டேன்னு இதுல இருக்கு. நாளைக்கு விருந்துல நீயே படி. திறந்தது நெட்டைன்னு கீழ கையெழுத்துப் போடு. மறுநாளே உனக்கு மடிப்பு மேசை. முழுக் கூலி. உன் வீட்டுக்காரர் கடையில முதல் ஆளா நானே வந்து உக்காந்து முடி வெட்டிக்கறேன். ஊரு தானா பின்னால வரும்.”

“சுடுதண்ணி விடச் சொன்னது நீங்க.”

“நானா?” முதலாளி சிரித்தார். “யாரு கேட்டது? யாரையாவது வந்து சொல்லச் சொல்லு, பாப்போம். உன்கூட நுனி பிடிக்கவே ஆள் இல்ல, சாட்சி சொல்லவா வரப் போறாங்க?”

முதலாளி கதவோரம் நின்ற மேஸ்திரியின் பக்கம் திரும்பினார்.

“அந்தக் கறை விரிப்பை எல்லாம் சாயந்தரத்துக்குள்ள கொதிகலன்ல போட்டு எரிச்சிடு. ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது. நாளைக்கு ஊர்வலம் இந்தத் தெருவழியாத்தான் வருது. வெளுக்கலேன்னா நஷ்டம், வெளிய தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்.”

கடைசி வார்த்தையில் அவர் குரல் ஓர் இழை நடுங்கியது. மூன்று வாரமாக வன்மத்தையே தின்றவளுக்கு அந்த நடுக்கம் தப்புமா? இவனுக்கு என்னைக் கண்டு பயமில்லை, அந்தத் துணியைக் கண்டுதான் பயம் என்று அவளுக்குப் பட்டது.

“காலையில சொல்றேன்” என்று தாளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நெட்டை உலர்த்தும் அறையில் கறை விரிப்புகளைக் குவித்துக்கொண்டிருந்தாள். மடிப்புக்காரி கதவைச் சாத்திவிட்டு எதிரில் நின்றாள்.

“என் பேரைச் சொல்லச் சொல்றானாக்கா?”

மூன்று வாரத்தில் முதல் ‘அக்கா’. மடிப்புக்காரிக்கு எரிச்சலாக வந்தது.

“ஆமா. சொல்லலாம்னுதான் இருக்கேன். உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“சொல்லு. திறந்தது நான்தானே.”

“நீ திறக்கும்போது நான் பாத்துக்கிட்டிருந்தேன்டி. பத்தடி தூரத்துல. பச்சத்தண்ணி விடணும்னு எனக்குத் தெரியும். வேணும்னேதான் சொல்லல. நீ நாசமாப் போகட்டும்னு நின்னேன்.”

நெட்டை புரியாமல் விழித்தாள். புரிந்ததும் கையை ஓங்கி ஓர் அறை விட்டாள். உயரமான பெண், நீளமான கை. மடிப்புக்காரி சுவரில் போய் மோதினாள். மோதியவள் திரும்பி வந்து, எட்டுகிற இடத்தில், நெட்டையின் நெஞ்சில் இரண்டு குத்து விட்டாள். பிறகு இரண்டு பேரும் மூச்சு வாங்க அந்தத் துணிக்குவியல் மேலேயே உட்கார்ந்தார்கள்.

“மூணு வாரமா அவன்கிட்டேருந்து கடுதாசி இல்லக்கா” என்றாள் நெட்டை. “தொட்டியிலேருந்து ஒவ்வொண்ணா எடுத்தேன். ஒவ்வொண்ணுக்கும், இது என் பிள்ளையோடதா இருக்கக் கூடாது, வேற எவ பிள்ளையோடதாவது இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன். இருநூத்தி அறுபது பிள்ளைங்களைச் சபிச்சிருக்கேன். நீ அன்னிக்கு வானொலில சொன்னப்போ எனக்குக் கோவம் ஏன் வந்துச்சு தெரியுமா? கரும்பலகையை நானும்தானே தினம் பாத்தேன்.”

மடிப்புக்காரி அறை விழுந்த கன்னத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

“என்னை மன்னிச்சிடுக்கா.”

“மாட்டேன். நீ விட்டது விட்டதுதான். நானும் விட்டேன், அதுவும் விட்டதுதான். அதைப் பத்தி இன்னொரு நாள் சாவகாசமா உக்காந்து அடிச்சுக்கலாம். இப்ப எனக்கு அவனை ஒரு வழி பண்ணணும். கூட வர்றியா, இல்லையா?”

நெட்டை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “என்ன பண்ணணும்?”

“முதல்ல இதை எரிக்க விடக் கூடாது.”

எரிக்கிற வேலையும் அந்தப் பெண்களுடையதுதானே. நெட்டை உணவு இடைவேளையில் எல்லோர் நடுவிலும் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாலே உயரம், நின்றால் கேட்க வேண்டுமா.

“சுடுதண்ணி திறந்தது நான். திறக்கச் சொன்னது முதலாளி. நாமெல்லாரும் கேட்டோம். யாரு கேட்டதுன்னு கேக்கறானாம். இப்ப இந்தக்காவை உள்ள தள்ளப் போறான். கையெழுத்துப் போட்டா இவளுக்குப் பதிலா நான் உள்ள போவேன். யாரு போனாலும் சொன்னவன் விருந்து சாப்பிடப் போறான்.”

பிறகு உருளைக்காரி, கூடத்திலேயே உரத்த தேசபக்தை, மூன்று வாரமாக மடிப்புக்காரி போன பாதையில் துப்பியவள், சாப்பாட்டுப் பாத்திரத்தை டணாரென்று மூடினாள்.

“இவ பேசினது எனக்குப் பிடிக்கல. இப்பவும் பிடிக்கல. நாளைக்கும் பிடிக்காது. ஆனா அவன் படிக்கட்டுல நின்னு கத்தினதை என் ரெண்டு காதாலயும் கேட்டேன். யாரு கேட்டதுன்னு கேக்கறானா? நான் கேட்டேன். என் காதை வித்துட்டா நான் இங்க வேலை பாக்கறேன்?”

“இன்னிக்கு இவ பேசினான்னு கூலியைப் பாதியாக்கினான்” என்றாள் இன்னொருத்தி. “நாளைக்கு நான் தும்மினா?”

“வேலை போயிட்டா?” என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. ஆனாலும் அன்றைக்குச் சாயந்தரம் கொதிகலனில் எரிந்தது பழைய சாக்கும் பஞ்சும்தான். மேஸ்திரி புகையைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

விடியும்போது இருபத்தெட்டுப் பேரும் மொட்டை மாடியில் இருந்தார்கள். தொட்டிக்காரம்மாவும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தாள். “எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள்ல கூடத்தையே அவிச்சுட்டீங்களே பாவிகளா” என்று திட்டிக்கொண்டே கம்பிகளை இழுத்துக் கட்டினாள். விரிப்புகளை இரண்டு இரண்டு பேராகப் பிடித்து உதறினார்கள். தெருவைப் பார்த்த கைப்பிடிச்சுவர் நெடுக, ஒன்றின் கீழ் ஒன்றாக, கறை வெளியே தெரியும்படி தொங்கவிட்டார்கள். கம்பி போதாத இடத்தில் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முதலாளி புதுச் சட்டையோடு காரில் வந்து இறங்கினார். விருந்துக்கு மேசை விரிப்பை ஏற்ற வந்தவர். தலையை நிமிர்த்தினார். அந்த முகத்தைப் பார்க்கத்தானே மடிப்புக்காரி மூன்று வாரமாக உயிரை வைத்திருந்தாள். வெளுத்தது. எந்தத் தொட்டியிலும் எந்தத் துணியும் அப்படி வெளுத்து அவள் கண்டதில்லை. அவள் கண் நிறையப் பார்த்துக்கொண்டாள்.

மூச்சிரைக்க மாடிக்கு ஏறி வந்தார். “எடுங்கடி! எல்லாத்தையும் எடுங்க! ஊர்வலம் முக்கு திரும்பிடுச்சு!”

“எடுக்கிறோம்” என்றாள் மடிப்புக்காரி. “சுடுதண்ணி விடச் சொன்னது நான்தான்னு எழுதிக் குடுங்க. யாரையும் நிறுத்த மாட்டேன், வாய் திறந்ததுக்காக யார் கூலியையும் குறைக்க மாட்டேன்னும் எழுதிக் குடுங்க. தாள் என்கிட்டயே இருக்கு. ஒரு பக்கம்தான் ஆயிருக்கு, பின்பக்கம் சும்மாத்தான் இருக்கு.”

“துரோகி! உன்னை…”

“அது தெரியும் முதலாளி. வேற ஏதாவது புதுசா சொல்லுங்க.”

பெண்கள் சிரித்தார்கள். பயத்தில் வந்த சிரிப்புத்தான், இருந்தாலும் சிரிப்பு. முதலாளி மற்றவர்கள் பக்கம் பாய்ந்தார். “இவளுக்காக நீங்க ஏன்டி கெடறீங்க? இவ சொன்னதை நீங்க ஒத்துக்கறீங்களா?”

“ஒத்துக்கல” என்றாள் உருளைக்காரி, தன் விரிப்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தி. “அதை நாங்க எங்களுக்குள்ள பேசித் தீர்த்துக்குவோம். உங்களுக்கு அதுல என்ன வேலை?”

“போலீஸைக் கூப்பிடறேன்” என்று அவர் கீழே ஓடினார்.

ஊர்வலம் வந்தது. முதலில் வாத்தியக்காரர்கள், பின்னால் கொடிகள், அதற்குப் பின்னால் ஜனம். நிமிர்ந்து பார்த்த ஒரு மத்தளக்காரனுக்குத் தாளம் தப்பியது. அவனைப் பார்த்து ஊதுகிறவனும் நிமிர்ந்தான். வாத்தியம் ஒவ்வொன்றாக நின்றது, பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்கள் மேல் மோதினார்கள். யாரோ கல் எறிந்தான். அது ஒரு விரிப்பில் பட்டுத் தொப்பென்று விழுந்தது. “துரோகிகளா!” என்று பத்துப் பதினைந்து குரல் கேட்டது. எதிர்வீட்டுக்காரி கொடியும் கையுமாகக் கூட்டத்தில் நிற்பதை மடிப்புக்காரி பார்த்தாள். கத்தவும் இல்லை, கொடியை ஆட்டவும் இல்லை, வாயைப் பிளந்து நின்றாள்.

கூட்டத்தின் நடுவிலிருந்து வயதான ஒரு பெண் முன்னால் வந்தாள். நெஞ்சில் ஒரு பையனின் புகைப்படத்தைக் குத்தியிருந்தாள். விரிப்புகளை விரலை நீட்டி எண்ணத் தொடங்கினாள். பாதியில் எண்ணிக்கை தப்பிவிட்டது.

“இதெல்லாம் எத்தனை?” என்று மேலே பார்த்துக் கேட்டாள்.

“இருநூத்தி அறுபது” என்றாள் மடிப்புக்காரி.

“இந்தச் சண்டை பூராவுமா?”

“நேத்து ஒரு நாள்.”

தூரத்தில் ஜீப்பின் சத்தம் கேட்டது. முதலாளி கீழே வாசலில் நின்று, யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று கத்தினார். அந்தப் பெண் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“முந்தாநாளு?” என்று கேட்டாள்.

மடிப்புக்காரி வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் பக்கத்திலிருந்து நெட்டையின் குரல் போனது. “இருநூத்தி முப்பத்தொண்ணு!”

“அதுக்கு முதல் நாளு?”

ஜீப் வாசலில் வந்து நின்றது. பூட்ஸ் கால்கள் படியேறும் சத்தம் வந்தது. மாடியில் இருபத்தெட்டுப் பெண்களுக்கும் அந்தக் கணக்கு தெரியும். தினம் தினம் கரும்பலகையில் பார்த்துவிட்டுப் பேசாமல் போனவர்கள்தானே எல்லோரும்.

“நூத்தித் தொண்ணூத்தெட்டு!” என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். உருளைக்காரி குரல்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது. பிறகு யாரும் கேட்காமலேயே அதற்கு முந்திய நாளுக்குப் போனார்கள்.